மதுரைக்கு முன்னால் ஓர் ஊசி

ராஜபாளையத்தில் நள்ளிரவில் நெஞ்சு அடைத்தால் முதலில் ஓமத் தண்ணீர், அடுத்து சோடா, அதற்கும் கேட்காவிட்டால்தான் ஆஸ்பத்திரி. "கேஸாத்தான் இருக்கும்" என்று சொல்ல வீட்டில் ஒருவர் எப்போதும் இருப்பார். பல நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருந்துவிடுகிறது, சிக்கலே அதுதான். இதய ரத்தக்குழாய் ஒன்று முழுதாக அடைத்துக்கொண்டால் அரை மணிக்குள் தசை சாகத் தொடங்கிவிடும். சோடாவில் கரைந்த நேரத்தை 108 வண்டி எவ்வளவு விரட்டினாலும் மீட்க முடியாது.

முதல் சோதனை இ.சி.ஜி. உடம்பில் 10 இடங்களில் மின்முனைகளை ஒட்டி, இதயத்தின் மின்னோட்டத்தை 12 கோணங்களில் வரைகிறது. பெரிய அட்டாக் பெரும்பாலும் அந்தக் காகிதத்திலேயே தெரியும். ஆனால் ஒரு இ.சி.ஜி. நார்மல் என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. வலி நீடித்தால் சிறிது நேரம் விட்டுத் திரும்ப எடுப்பார்கள். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு. தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. ஏறிக் காட்டச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால் அதையும் இரண்டு முறை பார்ப்பது வழக்கம்.

அட்டாக் உறுதியானதும் சொந்தக்காரர்கள் சொல்வது ஒன்றே: "இங்க வேண்டாம், மதுரைக்குக் கொண்டுபோயிருவோம்." அடைப்பைக் கம்பி வழியே திறக்கும் பலூன் சிகிச்சைதான் மிகச் சிறந்தது, சந்தேகமில்லை. ஆனால் இ.சி.ஜி.யில் அட்டாக் தெரிந்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் அது நடக்க வேண்டும். மதுரை இங்கிருந்து சுமார் 85 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்குப் பத்து கிலோமீட்டர் போலக் குறையும். வண்டி வந்து, ஏற்றி, போய்ச் சேர்ந்து, அந்தச் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் ஆட்கள் கூடுவதற்குள் அந்த 2 மணி நேரம் தாண்டிவிடும். அப்படிப்பட்ட ஊருக்குச் சரியான வழி, உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போட்டுவிட்டுப் பிறகு மதுரைக்குக் கிளம்புவது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் சொட்டு சொட்டாக ஏற்ற ஒரு மணி நேரம் வரை ஆகும். டெனெக்டெப்ளேஸ் உடல் எடைக்கேற்ப ஒரே ஊசி. இதை 'சின்ன ஆஸ்பத்திரி வைத்தியம்' என்று ஒதுக்குவது பெரும் தவறு.

இதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை மருத்துவர் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய ஆய்வில், சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து, ஊசிக்குப் பின், குழாயைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பும் முறையைப் பரிசோதித்தார்கள். 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் இதே வழிதான்: ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு மேலே அனுப்புவது.

ஊசியில் ஆபத்தும் உண்டு. நூறில் ஒருவருக்கு அருகில் மூளையில் ரத்தக் கசிவு வரலாம். முன்பு பக்கவாதம் வந்ததையோ, சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததையோ டாக்டரிடம் மறைக்கக் கூடாது. ஊசியில் வலி விட்டதும் "சரியாப்போச்சு" என்று வீட்டுக்குத் திரும்புகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். கட்டி கரைந்தாலும் குழாயின் சுருக்கம் அப்படியேதான் இருக்கும். 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ பார்த்துவிட வேண்டும்.

அவசரம் இல்லாதவர்களின் கதை வேறு. எக்கோ, இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது, வால்வுகள் எப்படி என்று காட்டும்; "எக்கோல அடைப்பு இல்லைன்னாங்க" என்பது அர்த்தமில்லாத நிம்மதி, எக்கோ அடைப்பை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. டி.எம்.டி. என்ற ட்ரெட்மில் சோதனையில் 220இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீத நாடித்துடிப்பு வரும்வரை நடக்கவிடுவார்கள்; 50 வயதுக்காரருக்குச் சுமார் 145. மூட்டுவலிக்காரரால் அந்த வேகத்துக்கு நடக்க முடியாது, முடிவும் தெளிவாக வராது. ஆஞ்சியோகிராம் வைத்தியமே அல்ல, படம்தான். மணிக்கட்டு வழியே மெல்லிய குழாயை விட்டு, சாயம் செலுத்தி எடுக்கிறார்கள். சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

படத்தில் 70 சதவீத அடைப்பு என்றதும் வீடே கலங்கிப்போகும். அட்டாக் நேரத்தில், குழாயைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் உயிரைக் காக்கும். நடந்தால் மட்டும் வலிக்கிற, நிலையாக இருக்கிற அடைப்புக்கு அப்படிச் சொல்ல முடியாது. 2020இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில் 5,179 பேரைப் பின்தொடர்ந்தார்கள். மருந்தோடு மட்டும் தொடங்கியவர்களைவிட ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்துகொண்டவர்களின் ஆயுள் கூடவில்லை, வலி குறைந்தது. இடதுபக்க முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு போன்றவை இதில் சேராது. எனவே "இது அவசரமா? மருந்தில் பார்க்கலாமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று விலை உச்சவரம்பு வந்தது, பிறகு திருத்தப்பட்டும் வருகிறது. அது ஸ்டென்டின் விலை மட்டுமே, மொத்த பில் அல்ல.

அட்டாக்குக்கு ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும் இன்னொரு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையும் பொதுவாக ஓராண்டு தொடரும். பல் பிடுங்கப் போகும்போதுதான் பலர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தலாமா, எத்தனை நாளுக்கு என்பதை ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் கேட்டுவிட்டே பல் டாக்டரிடம் போக வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.