மைனர் போட்ட கையெழுத்து யாரைக் கட்டுப்படுத்தும்?

18 வயது நிறையாத ஒருவர் எழுதிக்கொடுக்கும் புரோநோட்டும் அடமானப் பத்திரமும் கடன் ஒப்பந்தமும் இந்தியச் சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தம் செய்ய வயது வந்திருக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு. அந்த வயது 18 என்று வரையறுப்பது 1875-ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டம். நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைகளுக்கு முன்பு 21 என்று இருந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டது.

தொடக்கத்திலிருந்தே செல்லாது

மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்று சொன்ன சட்டம், மீறிச் செய்தால் அந்த ஒப்பந்தம் என்னவாகும் என்று சொல்லவில்லை. 1903-இல் மொஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அதற்கு விடை தந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த தர்மதாஸ், மைனராக இருக்கும்போதே 1895-இல் தன் சொத்தை 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக்கொடுத்தார். அவர் மைனர் என்பது கடன் கொடுத்தவரின் வழக்கறிஞருக்கு முன்பே தெரிந்திருந்தது. மைனரின் ஒப்பந்தம் பிறகு ரத்து செய்யத்தக்க ஒன்றல்ல, தொடக்கத்திலிருந்தே இல்லாத ஒன்று எனத் தீர்ப்பானது. கொடுத்த பணத்தையும் திரும்பப் பெற முடியவில்லை.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. முதலாவது, 18 நிறைந்தபின் "அன்று எழுதியதை ஒப்புக்கொள்கிறேன்" என்று கையெழுத்திட்டாலும் பழைய ஒப்பந்தம் உயிர்பெறாது. இரண்டாவது, வயதைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றிய மைனரும் "நான் மைனர்" என்று நீதிமன்றத்தில் வாதிடலாம்.

அதற்காக, ஏமாற்றிப் பெற்றதை அவர் எப்போதும் வைத்துக்கொள்ளலாம் என்று பொருளில்லை. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவின்படி, பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு மைனர் தரப்பே நீதிமன்றம் போனால், பெற்ற பயனைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் சொல்லலாம். மைனர் பிரதிவாதியாக இருந்தாலும், அவரோ அவர் சொத்தோ உண்மையில் அடைந்த பயன் அளவுக்கு ஈடுசெய்யச் சொல்லும் அதிகாரம் உண்டு.

உணவும் படிப்பும்

மைனருக்கு யாரும் எதையும் கடனாகத் தரமாட்டார்கள் என்ற நிலை வந்தால் பாதிக்கப்படுவதும் அவர்தான். ஆகவே ஒப்பந்தச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு, அவருடைய வாழ்க்கை நிலைக்கேற்ற அவசியத் தேவைகளை அளித்தவர் அதற்கான தொகையைப் பெற வழி வைத்திருக்கிறது. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம், கல்வி ஆகியவை இதில் அடங்கும். தொகையை மைனரின் சொத்திலிருந்து மட்டுமே வசூலிக்கலாம். சொத்தில்லாத மைனர், பிற்காலச் சம்பளத்திலிருந்து அடைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மைனருக்குச் சாதகமானவை

மைனர் பெறுபவராக இருக்கத் தடையில்லை. அவர் பெயரில் கிரயப் பத்திரம் எழுதலாம், அவருக்குத் தானம் கொடுக்கலாம். பணத்தை முழுமையாகக் கொடுத்துவிட்ட மைனருக்கு எழுதித் தரப்பட்ட அடமானம் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1916-இல் தீர்ப்பளித்தது. மைனர் கையெழுத்திட்ட காசோலை மற்ற தரப்பினரைக் கட்டுப்படுத்தும், அவரைக் கட்டுப்படுத்தாது. 10 வயது நிறைந்தவர்கள் வங்கி விதிக்கும் வரம்புக்குள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் அறிவித்தது. ஆனால் கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க முடியாது.

கூட்டு வணிகத்தில், எல்லாப் பங்காளிகளும் சம்மதித்தால், மைனரை லாபத்துக்கு மட்டும் சேர்க்கலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 18 நிறைந்தபின், அல்லது தான் சேர்க்கப்பட்டது தெரிய வந்தபின், எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் விலகுவதாகப் பொது அறிவிப்பு தராவிட்டால் அவர் முழுப் பங்காளியாகிவிடுவார். சேர்க்கப்பட்ட நாளிலிருந்து ஏற்பட்ட கடன்களும் அவர் தலையில் விழும்.

பாதுகாப்பே சில நேரம் பாதகமாகவும் முடியும். ராஜ் ராணி எதிர் பிரேம் அதீப் வழக்கில், ஒரு சிறுமி நடிப்பதற்காக அவள் தந்தை படத் தயாரிப்பாளருடன் ஒப்பந்தம் செய்திருந்தார். வேலையிலிருந்து நீக்கப்பட்டபோது தொடுத்த வழக்கை பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நடிப்பேன் என்ற அவளுடைய வாக்கு அவளைக் கட்டுப்படுத்தாதபோது, அதை நம்பிச் செய்த ஒப்பந்தமும் நிற்காது என்பதே காரணம்.

பெற்றோர் விற்ற சொத்து

மைனர் தானே எழுதிய பத்திரமும், அவருக்காகக் காப்பாளர் எழுதிய பத்திரமும் ஒன்றல்ல. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, மைனரின் வீட்டையோ நிலத்தையோ விற்கவும் அடமானம் வைக்கவும் தந்தைக்கோ தாய்க்கோ நீதிமன்ற அனுமதி வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கும் அப்படியே. மதம் எதுவாயினும், நீதிமன்றம் நியமித்த காப்பாளரும் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும்.

அனுமதியின்றிப் பெற்றோர் விற்றிருந்தால் அந்தக் கிரயம் தானாகச் செல்லாமல் போகாது. பிள்ளை மறுக்கும்வரை செல்லும். அதை ரத்து செய்ய வழக்குத் தொடுப்பதானால், 18 நிறைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற முருகன் எதிர் கேசவ கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் இந்தக் கெடுவை உறுதிப்படுத்தியது. இந்த மூன்று ஆண்டு ஓடிப்போன பிறகே விவரம் தெரிந்தால் குடும்பம் உரிமையை இழக்க நேரிடலாம். மைனரின் பெயர் பத்திரத்தில் இருக்கும் நிலத்தை வாங்குபவரும் நீதிமன்ற அனுமதி ஆணையைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது ஆபத்து.

மாட்டிக்கொள்வது யார்?

மைனரிடம் வசூலிக்க முடியாது என்று தெரிந்தே கடன் கொடுப்பவர்கள் பெற்றோரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள். கல்விக் கடனில் தாயோ தந்தையோ இணைக் கடன்தாரராகிறார். திருப்பிச் செலுத்தும் பொறுப்பு அவருக்கு முழுமையாக உண்டு. பிள்ளை மைனர் என்ற வாதம் அவரைக் காப்பாற்றாது. பெற்றோர் பெயரில் உள்ள கார்டையோ கடன் செயலிக் கணக்கையோ பிள்ளை பயன்படுத்தினால், பணம் கேட்டு வருபவர்கள் முதலில் வருவதும் பெற்றோரிடம்தான்.

செய்ய வேண்டியவை

மைனர் எழுதிய பத்திரத்தைக் காட்டிப் பணம் கேட்டால், பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழின் நகலுடன், கையெழுத்திட்ட தேதியில் அவர் மைனர் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். புதிதாக எந்தத் தாளிலும் கையெழுத்திடக் கூடாது: 18-க்குப் பின், புதிதாகப் பணம் பெற்று எழுதும் ஒப்பந்தம் செல்லும்.

நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் சும்மா இருந்துவிடக் கூடாது. மைனர் பிரதிவாதியானால் அவருக்காக வழக்கை நடத்த நீதிமன்றம் ஒரு காப்பாளரை நியமிக்க வேண்டும். மைனரே வழக்குத் தொடுப்பதானால், வயது வந்த ஒருவர் அவர் சார்பில் தொடுப்பார். பொருளிலோ சேவையிலோ குறை இருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பெற்றோரோ காப்பாளரோ புகார் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

குழந்தைகளுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். முன்பணம் கொடுத்து பிள்ளையை வேலைக்கு எழுதி வாங்கியிருந்தால் அது கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். அத்தகைய பிள்ளையை மீட்க 1098-ஐ அழைக்க வேண்டும்.