ஆளில்லா அறையில் சுழலும் விசிறி

வந்தவாசியில் கோரைப் பாய் நெய்யும் என் தாயார், மின்விசிறியை நிறுத்தாமல் தறியை விட்டு எழுந்ததில்லை. இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் வரை கட்டணமில்லை என்று 2016இல் அரசு அறிவித்தது. அந்த எல்லையைத் தாண்டினால் பணம் கட்ட வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

விடுதியில் தங்கிப் படிக்கும் நமக்கோ மின் கணக்கு கண்ணிலேயே படுவதில்லை. நாம் வகுப்பிலிருக்கும் 6 மணி நேரமும் 75 வாட் விசிறி ஒன்று வீணே சுழன்றால் செலவு 0.45 யூனிட். இருபது அறைகளுக்கு நாளொன்றுக்கு 9 யூனிட்! சிறுதுளி பெருவெள்ளம் அன்றோ?

அறிவுரையும் அபராதமும் இன்றி இதனை மாற்ற முடியுமா? முடியும் என்கிறது, அமெரிக்காவின் சான் மார்க்கோஸ் நகரில் நடத்தப்பெற்று 2007இல் வெளியான ஆய்வு. வீட்டின் மின்செலவையும் அக்கம்பக்கத்துச் சராசரியையும் எழுதிய அட்டையைக் கதவில் தொங்கவிட்டனர். மிகுதியாகச் செலவழித்தோர் குறைத்துக் கொண்டனர். வியப்பு என்னவெனில், சிக்கனமாயிருந்தோர் செலவைக் கூட்டிவிட்டனர்! அவர்களின் அட்டையில் சிரித்த முகம் ஒன்றை வரைந்தபோது அவ்வாறு கூடவில்லை. ஒப்பீடு மட்டும் போதாது. பாராட்டும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

இத்தகைய மென்மையான தூண்டுதல்களை விளக்கிய ரிச்சர்டு தேலர் 2017இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டிலும் 2020 முதல், நட்சத்திரக் குறி பெறும் அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்படுகின்றன. விரும்பினால் மாற்றிக் கொள்ளலாம்; ஆயினும் தொடக்கமே சிக்கனமாகிறது.

நண்பர்களே! விடுதியில் தளத்திற்கொரு மீட்டர் பொருத்தி, வாரந்தோறும் அதன் கணக்கை உணவுக்கூட வாயிலில் உள்ள கரும்பலகையில் எழுதுவோம். சிக்கனமான தளத்திற்கு ஒரு சிரித்த முகம் வரைவோம். கண்ணுக்குத் தெரியும் கணக்கு கையைச் சுவிட்சுக்குக் கொண்டு செல்லும். என் தாயார் செய்வதும் அதுவே.