ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளர்களே,



எங்கள் வராந்தாவில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம் ஒன்று உண்டு. ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி முடித்ததும் நோயாளியின் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு அவர்களில் மூத்தவர் மெதுவாகச் சொல்வார்: "ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம், டாக்டர்."

இதைக் கேட்கும்போது எங்களுக்குச் சந்தோஷமும் உண்டு, சில சமயம் பயமும் உண்டு. சந்தோஷம் ஏனென்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பயம் ஏனென்றுதான் இந்த இதழில் கொஞ்சம் விளக்க விரும்புகிறோம். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் எழுதுகிறோம்.

பித்தப்பையில் கல் இருக்கிறது, வலி இல்லை. அல்லது வெகுநாளாய் இருக்கிற குடலிறக்கம், படுத்தால் உள்ளே போய்விடுகிறது. இப்படிப்பட்டவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஜெபித்துவிட்டு வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. வேறொரு டாக்டரிடம் காட்டி யோசனை கேட்டாலும் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் அதே குடலிறக்கம் வெளியே சிக்கிக்கொண்டு, வயிறு உப்பி, வாந்தியும் தொடங்கிவிட்டால் கணக்கு நாட்களில் அல்ல, மணிகளில். பிரசவம் ஆனபின் கர்ப்பப்பை சுருங்காமல் இரத்தம் போய்க்கொண்டே இருந்தால், அதுவரை நல்ல சுகத்தோடு இருந்த தாய்கூட இரண்டு மணி நேரத்திற்குள் மரித்துப்போகக் கூடும். வயிற்றிலுள்ள பிள்ளையின் இருதயத் துடிப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதோ நிமிடங்கள்தான்.

அப்படி ஒரு இரவில், கர்ப்பவதியான மகளோடு வந்திருந்த தகப்பனார் ஒருவர், ஊரிலுள்ள போதகர் ஐயாவிடம் போனில் பேசிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நின்றுவிட்டார். போதகர் ஐயா போனை எடுக்கவில்லை. எங்கள் டாக்டரம்மா அவர் தோளில் கைவைத்து, "ஐயா, முதலில் கையெழுத்துப் போடுங்கள். தியேட்டர் வாசலில் நின்று நாம் சேர்ந்து ஜெபிப்போம், உள்ளே போய் நானும் ஜெபிப்பேன்" என்றார். அவர் போட்டார். தேவ கிருபையால் தாயும் பிள்ளையும் நலமாய் வீடு போனார்கள். மறுநாள் அந்தப் பெரியவர் கேட்டார்: "அம்மா, நான் அவசரப்பட்டு முடிவெடுத்தேனோ? ஆண்டவரிடம் சரியாய்க் கேட்கவில்லையோ?" பிள்ளை கையில் இருக்கும்போதே அந்தக் கேள்வி! விசுவாசிகளுடைய மனசாட்சி எவ்வளவு மென்மையானது என்று அன்று கண்டோம்.

அவருக்கு நாங்கள் நெகேமியாவின் சரித்திரத்தைக் காட்டினோம். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறதென்ற செய்தி கிஸ்லேவு மாதத்தில் அவனுக்கு வந்தது. அவன் ராஜாவிடம் வாய் திறந்ததோ நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நாலு மாதம் உபவாசமும் ஜெபமும். ஆனால் ராஜா, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்ட நேரத்தில் அவனுக்குக் கிடைத்தது ஒரு மூச்சு இழுக்கிற நேரம் மட்டுமே. அதற்குள் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிட்டுப் பதில் சொன்னான். நாலு மாத ஜெபமும் ஜெபந்தான், ஒரு மூச்சு ஜெபமும் ஜெபந்தான். ராஜா பதிலுக்காகக் காத்திருக்கும்போது, போய் நாலு மாதம் ஜெபித்துவிட்டு வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை.

நாங்கள் அடிக்கடி வியந்து படிக்கிற இன்னொரு விஷயமும் அந்த இடத்தில் உண்டு. எத்தனை நாள் ஆகும் என்று ராஜா கேட்டவுடன் அவனிடம் பதில் தயாராயிருந்தது. வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதங்கள் வேண்டும், வாசல்களுக்கு மரம் வேண்டும், மரத்தைக் கொடுக்கவேண்டிய வனத்து அதிகாரியின் பேர் இன்னது என்பது வரைக்கும் சொன்னான். அந்த நாலு மாதமும் அவன் முழங்காலில் மாத்திரம் நிற்கவில்லை. விசாரித்தும் இருக்கிறான், கணக்கும் போட்டிருக்கிறான்.

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பு டாக்டர் நோயாளியின் கையைப் பிடித்து ஜெபிப்பது ஆரம்ப நாளிலிருந்து உள்ள வழக்கம். பிற மதத்தாரிடம் அனுமதி கேட்டுவிட்டு ஜெபிப்போம். வேண்டாம் என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு பரிசோதனைப் பட்டியலை வெளியிட்டது. நோயாளியின் பேர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று எல்லாரும் கேட்கும்படி உரக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். இப்போது 'ஆமென்' சொன்ன அதே வாய் அடுத்த நிமிடத்தில் 'வலது காலா, இடது காலா?' என்று கேட்கிறது. ஜெபித்தாயிற்றே, பட்டியல் எதற்கு என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

இனி, உங்களுக்கு நன்றாய்த் தெரிந்த ஒரு சாட்சியைக் கொஞ்சம் வித்தியாசமாய்ச் சொல்ல விரும்புகிறோம். 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் சாட்சிதான். மிஷன் ஞாயிறு தோறும் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் படித்துவிட்டு, சுகவீனமாயிருந்த தாயாருக்கு உதவியாக 1890-ல் திண்டிவனம் வந்தார். மிஷனெரியாக இந்தியாவில் தங்குவதில்லை என்பதே அவர் எண்ணம். ஒரே இரவில் மூன்று வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர், பிரசவ வேதனையிலிருக்கும் மனைவிக்கு உதவ வரவேண்டுமென்று அவரைக் கூப்பிட்டார்கள். நான் டாக்டர் அல்ல, என் தகப்பனார்தான் டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆண் ஒருவர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். பொழுது விடிந்தபோது மூன்று தாய்மாரும் மரித்திருந்தார்கள். தூக்கமின்றி ஜெபத்தில் கழிந்த அந்த இரவுக்குப் பின் ஐடா பெற்றோரிடம் சொன்ன முடிவு, அமெரிக்காவுக்குப் போய் டாக்டராகி வருவேன் என்பது.

பிரசங்கங்களில் நாம் இங்கே நிறுத்திவிடுவோம். முடிவெடுக்க ஒரு இரவு ஆனது. ஆனால் டாக்டர் பட்டம் பெற்றது 1899-ல். பெண்களைச் சேர்த்துக்கொண்ட கார்னெல் மருத்துவக் கல்லூரியின் முதல் வகுப்பில் அவரும் இருந்தார். மருத்துவமனை கட்டப் பணம் இல்லை; நியூயார்க்கைச் சேர்ந்த வங்கியாளர் ஷெல் என்பவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ல் வேலூர் வந்து, அனுபவமுள்ள தகப்பனாரின் பக்கத்திலிருந்து தொழில் பழகலாம் என்றிருந்தவருக்கு அதே ஆண்டில் தகப்பனாரும் மரித்துப்போனார். தேவன் நடத்தினார் என்றால் வழி நேராயிருக்கும் என்று நினைக்கிறோமே, அதற்காகச் சொல்கிறோம்.

ஆனாலும் அந்த முடிவை நாங்கள் சுலபமானதென்றே நினைக்கிறோம். வாசலில் மூன்று முறை தட்டினால் யாருக்கும் கேட்கும். எங்கள் எண்ணத்தில் கடினமான முடிவு, அவர் எழுபது வயதை நெருங்கும்போது வந்தது.

1918-ல் அவர் வேலூரில் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே கொடுத்தது எல்.எம்.பி. என்ற சான்றிதழ். 1930-களின் இறுதியில் சென்னை அரசாங்கம், இனி எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு மட்டுந்தான் என்று தீர்மானித்தது. கல்லூரியாக உயர வேண்டுமானால் படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள், பேராசிரியர்கள் எல்லாம் வேண்டும்; இல்லையேல் மூடவேண்டும். பல மிஷன்கள் ஒன்றுசேர்ந்து, ஆண்களும் பெண்களும் படிக்கிற ஒரே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக்கலாம் என்ற யோசனை எழுந்தது. இங்கேதான் வேதனை. அதுவரை பணம் கொடுத்துத் தாங்கியவர்களில் பலர் அமெரிக்க சபைகளின் பெண்கள். பெண்களால், பெண்களுக்காக என்று சொல்லி வாங்கிய காணிக்கை அது. ஐடா அம்மையாருக்கு நெடுநாள் துணைநின்ற லூசி பீபாடி அம்மையாரே கடுமையாய் எதிர்த்தார்.

இருவரும் ஜெபிக்கிறவர்கள். இருவரும் ஆண்டவருக்கு வாழ்க்கையைக் கொடுத்தவர்கள். ஆனாலும் ஒரே காரியத்தில் இரண்டு முடிவுக்கு வந்தார்கள். இப்படி நடக்கும்போது, எதிர்ப்பக்கம் இருப்பவர் சரியாய் ஜெபிக்கவில்லை என்று சொல்லிவிடுவது சபைகளில் நமக்கு எளிதாய் வருகிற பழக்கம். எங்களுக்கும் வந்திருக்கிறது. பீபாடி அம்மையார் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவேண்டும் என்றார். ஐடா அம்மையார் வேலையைக் காப்பாற்றவேண்டும் என்றார். இரண்டையும் தேவபயமில்லாத பேச்சு என்று எப்படிச் சொல்வது?

ஐடா அம்மையார் 1941-ல், உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அமெரிக்கா போய் ஊர் ஊராய்ச் சபை சபையாய் நின்று நிலைமையை எடுத்துச் சொல்லிப் பணம் திரட்டினார். 1942-ல் பெண்களுக்கு எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1960-ல் அவர் கொடைக்கானலில் மரிக்கும்போது கல்லூரி நிலைத்து நின்றது; அதனால் அவர் முடிவே தேவசித்தம் என்று இன்று நாம் சொல்கிறோம். மூடியிருந்தால் என்ன சொல்லியிருப்போமோ!

தேவசித்தத்தை அறியச் சுருக்கு வழி தேடுகிறவர்களும் எங்களிடம் வருகிறார்கள். ஒரு தாயார் வாக்குத்தத்த அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து, மகனுடைய ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஓர் அட்டை எடுத்தார். மனதுக்குப் பிடிக்கவில்லை போலும், இன்னொன்று எடுத்தார். மூன்றாவதும் எடுத்தார். சிஸ்டர் சிரித்துவிட்டு, "அம்மா, டாக்டர் என்ன சொன்னார் என்று முதலில் கேட்டீர்களா?" என்றார். வாக்குத்தத்த வசனங்களால் ஆறுதல் பெறுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. கிதியோன் தோலைப் போட்டு அடையாளம் கேட்டது உண்மைதான். ஆனால் தேவன் சொன்னதை முன்னமே கேட்டுவிட்டு, நம்பத் தைரியமில்லாமல் கேட்டான் அவன்.

யோசுவாவும் மூப்பர்களும் கிபியோனியரிடம் ஏமாந்ததை நினைத்துப் பாருங்கள். பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த பழைய துருத்தியையும் கண்ணால் சோதித்தார்கள், கர்த்தரிடம் கேட்கவில்லை. எங்கள் வராந்தாவில் நாங்கள் அதிகமாய்க் காண்பது இதற்கு நேர்மாறு. கர்த்தரிடம் கேட்கிறார்கள், அப்பத்தைப் பார்ப்பதில்லை. மகளை நர்சிங் படிக்கவைக்க மூன்று நாள் உபவாசமிருந்த ஒரு குடும்பம், அந்தக் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று ஒரு நாள்கூட விசாரிக்கவில்லை. நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கட்டிய பிறகு எங்களிடம் வந்து கேட்டார்கள். அந்தப் பிள்ளையின் கண்ணீரை மறக்கமுடியவில்லை.

இனி, ஆரம்பத்தில் சொன்ன காரணத்துக்கு வருகிறோம்.

நம் மருத்துவமனையின் பிரசவ வார்டை உங்களில் பலர் அறிவீர்கள். அந்நாட்களின் மிஷனெரி அம்மையார்கள் தொடங்கியது. அதைக் கட்ட உங்கள் பாட்டிமார் அரிசிக் காணிக்கை சேர்த்தார்கள். உங்களில் சிலர் அங்கேயே பிறந்தவர்கள். ஒரு காலத்தில் இரவெல்லாம் பிள்ளைகளின் அழுகைச் சத்தம் கேட்கும். இன்றோ ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பிரசவம் பார்க்கிறார்கள். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் வாசலுக்கே வருகிறது. அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் ஏழைத் தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் உதவிப்பணம் கிடைக்கிறது. இதற்காக நாங்கள் தேவனைத் துதிக்கிறோம். அன்று திண்டிவனத்தில் மரித்த அந்தத் தாய்மாரை நினைத்தால் துதிக்காமல் இருக்கமுடியாது. ஆனால் எங்கள் வார்டில் சில வாரங்களில் பிரசவங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரசவம் குறையும்போது கைப்பழக்கமும் குறைகிறது. மயக்க மருந்து டாக்டரையும் குழந்தை டாக்டரையும் இரவில் தயாராய் வைத்திருப்பது வருஷத்துக்கு வருஷம் கடினமாகிறது. அப்படிப்பட்ட வார்டு ஒரு தாய்க்கு ஆபத்தாகவும் ஆகக்கூடும்.

மறுபக்கம், சர்க்கரை வியாதியாலும் இரத்தக் கொதிப்பாலும் சிறுநீரகம் பழுதானவர்கள் டயாலிசிஸுக்காக வாரத்தில் இரண்டு மூன்று முறை பஸ் ஏறிப் பட்டணம் போகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நாலு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருக்க வேண்டும். கூட வருகிறவருக்கு அன்றைய கூலியும் போயிற்று. பிரசவ வார்டை மூடி, அந்த அறைகளில் டயாலிசிஸ் பிரிவு தொடங்கலாமா என்ற கேள்வி எங்கள்முன் இருக்கிறது.

எங்களுக்குள்ளேயே இன்னும் ஒருமனம் இல்லை. அந்த வார்டிலேயே முப்பது வருஷம் வேலை செய்து ஓய்வுபெற்ற சிஸ்டர் ஒருவர், மூடக்கூடாது என்று கண்ணீரோடு சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் கணக்குகளைப் பார்க்கிறோம், சுற்றியுள்ள கிராமங்களில் போய் விசாரிக்கிறோம், அருகிலுள்ள அரசு மருத்துவமனை டாக்டர்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை ஆறு மணிக்குச் சிற்றாலயத்தில் இதற்காகவே கூடி ஜெபிக்கிறோம். ஆட்சிக்குழு கூடுவதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

அதே வெள்ளிக்கிழமைகளில் உங்கள் வீடுகளிலும் இதற்காக ஜெபிக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம். அந்த வார்டுக்கென்று காணிக்கை கொடுத்த குடும்பத்தார் தங்கள் மனதிலுள்ளதை எங்களுக்கு எழுதுங்கள். மூடக்கூடாது என்று உங்களுக்குத் தோன்றினால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். வருகிற கடிதங்கள் எல்லாம் ஆட்சிக்குழுவில் வாசிக்கப்படும்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனைக் குடும்பத்தார்