ஓய்வு மட்டும் போதாது

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலின் பின்புறம் சுரீரென்று வலிக்கிறது. சிறிது தூரம் நடந்ததும் வலி குறைகிறது. மாலையில் ஓடத் தொடங்கும்போது மீண்டும் வலிக்கிறது. உடல் சூடானதும் மறைந்துவிடுகிறது. ஆனால், மறுநாள் காலையில் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பி வருகிறது. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பலர் அறிந்த வலி இது. மாதக்கணக்கிலும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் இது நீடிப்பதுண்டு.

இவ்வலி தோன்றும் இடம் குதிகால் தசைநாண். தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான நார்க்கயிறே தசைநாண் எனப்படும். கெண்டைக்கால் தசைகளைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் இந்த நாண், மனித உடலிலுள்ள தசைநாண்களில் மிகவும் தடித்தது, மிகவும் வலிமையானது. கிரேக்கப் புராண வீரன் ஒருவனின் பெயரால் இதனை ‘அக்கிலீஸ் தசைநாண்’ என்றும் அழைப்பர். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் இது சுருள்வில்லைப் போல நீண்டு, பின்னர்ச் சுருங்கி, உடலை முன்னோக்கித் தள்ளுகிறது. அப்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையை இது தாங்குகிறது.

இவ்வளவு வலிமையான நாண் ஏன் பாதிக்கப்படுகிறது? தசையோடு ஒப்பிடும்போது தசைநாணுக்குச் செல்லும் இரத்தம் குறைவு. அதனால், அது மெதுவாகவே வலுப்பெறுகிறது, மெதுவாகவே குணமாகிறது. போட்டி நெருங்கிவிட்டது என்று ஒருவர் ஓடும் தூரத்தையும் வேகத்தையும் திடீரென்று கூட்டினால், தசைகள் ஈடுகொடுத்தாலும் நாண் ஈடுகொடுப்பதில்லை. நாளடைவில் அதன் நார்கள் ஒழுங்கு குலைகின்றன. நாண் தடித்து வலிக்கிறது.

முற்காலத்தில் மருத்துவர்கள் இதனை அழற்சி என்றே கருதினர். ஆகவே, ஓய்வும் பனிக்கட்டி ஒத்தடமும் மருந்துகளும் முதன்மைச் சிகிச்சையாக இருந்தன. ஓய்வெடுத்தால் வலி தணிவது உண்மைதான். ஆனால், வேலையே இல்லாத நாண் மேலும் வலுவிழக்கிறது. வலி போய்விட்டதென்று நம்பி மீண்டும் ஓடத் தொடங்கியவருக்கு அதே வலி திரும்புகிறது. ஓய்வு, ஓட்டம், வலி, மறுபடியும் ஓய்வு என்ற சுழலில் பலர் சிக்கிக்கொண்டனர்.

இச்சுழலை உடைக்கப் பெரிதும் உதவியவர்களுள் ஒருவர், சுவீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஹோகான் ஆல்ஃபிரட்சன். அவரும் ஓட்டக்காரர், அவருக்கும் நெடுநாளாகக் குதிகால் நாணில் வலி இருந்தது. அறுவைச் சிகிச்சை செய்யும்படி தம் மேலதிகாரியைக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். நாண் அறுந்துபோனால் அறுவைச் சிகிச்சை செய்துதானே ஆக வேண்டும் என்று எண்ணிய ஆல்ஃபிரட்சன், வலியைப் பொருட்படுத்தாமல் அந்தக் காலுக்குக் கடும் பயிற்சி கொடுத்தார். ஆனால், நாண் அறுபடவில்லை. மாறாக, வலிதான் படிப்படியாக மறைந்தது!

வியப்படைந்த அவர், தம் குழுவினருடன் அப்பயிற்சியை முறையாக ஆராய்ந்தார். நெடுநாள் வலியால் அவதிப்பட்ட 15 ஓட்டக்காரர்கள் அதில் பங்கேற்றனர். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, வலியில்லாத காலால் உடலை உயர்த்த வேண்டும். பிறகு, எடை முழுவதையும் வலியுள்ள காலுக்கு மாற்றி, குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 45 முறை, சற்று மடக்கி 45 முறை, நாளுக்கு இருவேளை என ஒரு நாளில் மொத்தம் 180 முறை இவ்வாறு செய்தனர். வலி குறையக் குறைய, முதுகுப்பையில் எடையைச் சேர்த்துக்கொண்டனர். 12 வாரங்களுக்குப் பின் 15 பேரும் முன்புபோல் ஓடத் தொடங்கினர். இவ்வாய்வு 1998ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

எல்லாருக்கும் இதே பலன் கிடைப்பதில்லை என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. கனமான எடையைத் தூக்கி மிக மெதுவாக, வாரத்தில் மூன்று நாள் மட்டும் செய்யும் பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. நாண் எலும்போடு சேரும் இடத்தில் வலி இருந்தால், குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையிலேயே பயிற்சி செய்வது நல்லது. ஆயினும், அடிப்படை உண்மை மாறவில்லை. நாண் குணமாக அதற்கு அளவான வேலை தேவை.

அந்த அளவை எப்படி அறிவது? வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவுகோலில் மதிப்பிடுமாறு இயன்முறை மருத்துவர்கள் கூறுவர். பயிற்சியின்போது வலி ஐந்தைத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் தணிந்தும் இருந்தால் பயிற்சியைத் தொடரலாம். அதற்கு மேல் வலித்தால் சுமையைக் குறைக்க வேண்டும்.

வளரும் பருவத்தினர் ஒன்றை மறக்கலாகாது. குதிகால் எலும்பு முழுமையாக வளராத வயதில், அதன் வளர்ச்சிப் பகுதி பாதிக்கப்பட்டும் இதுபோன்ற வலி வரலாம். ஆகவே, மாணவர்கள் தாமாகவே சிகிச்சையைத் தொடங்காமல், பெற்றோரிடமும் பயிற்றுநரிடமும் கூறி மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓடும்போது ‘பட்’டென்ற ஓசையுடன் வலி எடுத்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால், நாண் அறுந்திருக்கக்கூடும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குணமடையும் நாள்களில் ஓட்டக்காரருக்கு வலியைவிடப் பெரிய சோதனை பொறுமைதான். நண்பர்கள் திடலில் ஓடும்போது, தாம் மட்டும் படிக்கட்டில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது எளிதன்று. ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாது. மூன்று மாதங்களில் தெரியும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது குதிகால் நாணுக்கும் பொருந்தும்.