பொலிஸ் பரீட்சையும் வழிகாட்டிப் புத்தகமும்



போன வருஷம் எங்கள் மேல் டிவிஷனிலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். கையில் அட்டை கிழிந்த ஒரு வழிகாட்டிப் புத்தகம். "ஐயா, இதுல உள்ளது முழுசும் பாடம். ஆறு மாசம் படிச்சேன். ஆனா பொலிஸ் பரீட்சையில பெயிலாப் போச்சு" என்றார்.

புத்தகத்தை வாங்கி நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, "சார்க் அமைப்பில் எத்தனை நாடு?" என்று கேட்டேன். "ஏழு" என்று உடனே பதில் வந்தது. புத்தகத்திலும் ஏழு என்றுதான் இருந்தது. ஆனால் 2007ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தான் சேர்ந்த பிறகு எட்டு நாடு. கோள்கள் எத்தனை என்று கேட்டேன். "ஒன்பது" என்றார். 2006ஆம் ஆண்டு புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், இப்போது எட்டுதான். அண்ணன் படித்து வைத்த புத்தகத்தைத் தம்பி படித்திருக்கிறார். உழைப்பில் குறையில்லை, புத்தகம்தான் பழசு.

அது மட்டுமில்லை. "பேப்பர் முடிச்சீங்களா தம்பி?" என்று கேட்டேன். "இல்லைங்க ஐயா, பாதியிலேயே மணி அடிச்சிட்டாங்க" என்றார். ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட அவர் மணிக்கூட்டை வைத்து எழுதிப் பார்த்ததில்லை.

இப்படி உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன், பாட்டி நாடற்றவர் ஆனார்கள். குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? 1964 ஒப்பந்தம், 1988 சட்டம், கடைசியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் என்று படிப்படியாகத்தான் அந்தக் கதவு திறந்தது. திறந்த கதவால் உள்ளே போவது இப்போது நம் பிள்ளைகள் கையில்.

இன்னொன்றும் உண்டு. சில வருஷத்துக்கு முன் ஒரு கொழுந்தெடுக்கும் அக்காவோடு ஒரு பொலிஸ் நிலையத்துக்குத் துணைக்குப் போனேன். அவர் தமிழில் அழுது அழுது சொன்னார். அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் சொல்ல, அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள். எழுதினது என்ன என்று தெரியாமலே அக்கா கையெழுத்து வைத்தார். 1987இலேயே 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிவிட்டது. பொலிஸ் நிலையங்களில் 24 மணித்தியாலமும் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்று, கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2011இல் சிபாரிசு செய்தது. சட்டமும் சிபாரிசும் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் கதிரையில் உட்கார ஆள் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை ஒன்று அங்கே இருந்திருந்தால் அக்காவுக்கு நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன்.

முதலில் வர்த்தமானி, பிறகு புத்தகம்

வழிகாட்டி வாங்க மாத்தளை டவுனுக்கு ஓடுவதற்கு முன் வர்த்தமானி அறிவித்தலைப் பாருங்கள். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் மூன்று மொழியிலும் வரும். வயது, கல்வித் தகைமை, உயரம், மார்பளவு, கண் பார்வை, எழுத்துப் பரீட்சையில் என்னென்ன பாடம், எத்தனை புள்ளி எல்லாம் அதில்தான் இருக்கும். கொன்ஸ்டபிள் பதவிக்கு ஒரு மாதிரி, உப பொலிஸ் பரிசோதகர் பதவிக்கு வேறு மாதிரி. ஒவ்வொரு தடவையும் மாறவும் கூடும். புத்தகத்தின் முன் பக்கத்தில் போட்டிருக்கும் தகைமையை நம்பி விண்ணப்பம் போடாதீர்கள்.

எந்தப் புத்தகம்?

கடையில் புத்தகத்தைத் திருப்பி அச்சிட்ட வருஷத்தை முதலில் பாருங்கள். வருஷமே போடாத புத்தகம் என்றால் சார்க் கேள்வியைத் தேடிப் பாருங்கள். ஏழு என்று இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள்.

இப்போது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டுக் காவலர் தேர்வுப் புத்தகங்களையும் எடுத்துப் படிக்கிறார்கள். கணக்கு, நுண்ணறிவுப் பகுதிக்கு அவை உதவும். பொது அறிவுப் பகுதியை விட்டுவிடுங்கள். அது இந்திய அரசியலமைப்பு, இந்தியச் சட்டம். நமக்கு வேண்டியது 9 மாகாணம், 25 மாவட்டம், 225 பாராளுமன்ற உறுப்பினர்.

பொது அறிவு: நம் மாவட்டத்திலிருந்து தொடங்குங்கள்

வெறும் மனப்பாடம் ஒரு வாரத்தில் கரைந்துவிடும். தெரிந்த இடத்தோடு சேர்த்துப் படித்தால் நிற்கும். உலக மரபுரிமைப் பட்டியலில் 1982இல் சேர்ந்த சீகிரியாவும், 1991இல் சேர்ந்த தம்புள்ளை குகை விகாரையும் நம் மாத்தளை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. 2010இல் அதில் சேர்ந்த மத்திய மலைநாட்டில் நம் நக்கிள்ஸ் மலையும் அடக்கம். பாளி மொழித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது அலுவிகாரையில். 1848 கிளர்ச்சியின் வீரபுரன் அப்புவும் கொங்காலேகொட பண்டாவும் நடமாடியதும் இந்த மண்ணில்தான். பஸ்ஸில் போகும்போது பார்க்கிற இடங்கள் எல்லாம் பரீட்சைக் கேள்விகள்!

சேரப்போகும் திணைக்களத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். பொலிஸ் தினம் செப்டெம்பர் 3, அது 1866ஆம் ஆண்டை வைத்து வந்தது. பெண்கள் பொலிஸில் சேரத் தொடங்கியது 1952இல். பொலிஸ் கல்லூரி களுத்துறையில். அவசர இலக்கம் 119. நேர்முகப் பரீட்சையிலும் இவை கைகொடுக்கும்.

நுண்ணறிவு: பார்த்தால் வராது, எழுதினால் வரும்

நம் பிள்ளைகள் பயப்படுவது இதற்குத்தான். பயப்பட ஒன்றுமில்லை. மூன்று கேள்வி பாருங்கள்.

1. 3, 6, 11, 18, 27, அடுத்தது என்ன? ஒவ்வொன்றுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைக் கீழே எழுதுங்கள்: 3, 5, 7, 9. அடுத்த வித்தியாசம் 11. ஆகவே விடை 38.

2. 4 பேர் 6 நாளில் எடுத்து முடிக்கிற கொழுந்து மலையை 3 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? அவசரத்தில் நாலரை என்று எழுதிவிடுகிறார்கள். ஆள் குறைந்தால் நாள் கூடும் என்று பெரட்டுக்களத்தில் நிற்கும் யாருக்கும் தெரியும். 4 தர 6, 24 ஆள்நாள். அதை 3ஆல் பிரித்தால் 8 நாள்.

3. லயத்திலிருந்து வடக்கே 30 மீற்றர் நடந்து, வலது பக்கம் திரும்பி 40 மீற்றர் போனால், புறப்பட்ட இடத்துக்கு நேர் தூரம் எவ்வளவு? மனதில் போடாமல் படம் கீறுங்கள். செங்கோண முக்கோணம் வரும், விடை 50 மீற்றர்.

விடையைப் பின் பக்கத்தில் பார்த்துவிட்டு "ஆமா, தெரியும்" என்று அடுத்ததுக்குப் போவதுதான் பெரிய பிழை. பின் பக்கத்தைக் கிளிப் போட்டு மூடிவிடுங்கள். முதலில் கொப்பியில் எழுதுங்கள், பிறகு திருத்துங்கள். பிழைத்த கேள்விகளுக்குத் தனிக் கொப்பி வையுங்கள். பரீட்சைக்கு முதல் வாரம் அந்தக் கொப்பி ஒன்றே போதும்.

மணிக்கூடும் வேண்டும். 50 கேள்விக்கு ஒரு மணித்தியாலம் என்றால் ஒரு கேள்விக்கு 72 செக்கன்தான். வராத கேள்வியோடு மல்லுக்கட்டாமல் அடையாளம் போட்டுத் தாண்டுங்கள், கடைசியில் திரும்பி வரலாம்.

புத்தகத்தில் இல்லாத விஷயங்கள்

நம்மவர்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். பரீட்சை பாஸாகி நேர்முகத்தில் நிற்கும்போது இது பெரிய வில்லங்கம். விண்ணப்பம் போடுமுன்பே பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைக் கண்டு திருத்திக்கொள்ளுங்கள்.

"பணம் குடுத்தா வேலை எடுத்துத் தர்றேன்" என்று வருகிறவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அடகு வைத்த தோடு திரும்பி வராது.

காலையில் ஓடுங்கள். நல்ல சிங்களமும் பழகுங்கள். இரு மொழி தெரிந்தவருக்கு எங்கேயும் மதிப்பு.

பெற்றோரே, படிக்கிற பிள்ளைக்கு இரவில் ஒரு மணித்தியாலம் தொலைக்காட்சியை நிறுத்திக் கொடுங்கள். லயக் காம்பராவில் தனி அறை கொடுக்க நம்மால் முடியாது, சத்தத்தையாவது குறைத்துக் கொடுக்கலாம்.

அந்தத் தம்பி இப்போது புதுப் புத்தகம் வாங்கியிருக்கிறார். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளை மடுவத்தில் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மணிக்கூட்டை நடுவில் வைத்து எழுதுகிறார். அதில் இரண்டு பேர் பெண் பிள்ளைகள். போன வாரம் நேரம் முடியுமுன் எல்லாக் கேள்வியும் முடித்துவிட்டார். அடுத்த வர்த்தமானிக்குக் காத்திருக்கிறார்கள். உங்கள் டிவிஷனிலும் இப்படி ஒன்று தொடங்க நினைத்தால் உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். இடமும் மேசையும் நாங்கள் பார்த்துத் தருகிறோம்.