பொதுக் கணனியும் தனித் தேவையும்: செய்நிரல் மொடியூல்களை நிறுவுதல் பற்றிய ஒரு நோக்கு

பல்கலைக்கழக ஆய்வாளர் பலர் கூட்டாகப் பயன்படுத்தும் கணனிக் கொத்தணியில் தமக்கு வேண்டிய செய்நிரல் மொடியூல் ஒன்றை நிறுவ முற்படும் ஆய்வு மாணவர் முதலிற் காண்பது, 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் வாசகத்தையே. சொந்தக் கணனியில் ஒரு நிமிடத்தில் முடியும் கருமம் இங்கு ஏன் தடைப்படுகிறது? இது நிருவாகக் கெடுபிடியா, அன்றி நியாயமான அடிப்படையுடைய ஏற்பாடா? இவ்வினாவுக்கு விடை காண்பதும், தடையை முறையாகக் கடக்கும் வழியை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொத்தணி என்பது சாதாரண கணனிகள் பலவற்றை வலையமைப்பால் இணைத்து ஒன்றாக இயக்கும் ஏற்பாடாகும். 1994 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் கொடார்ட் நிலையத்தில் தோமஸ் ஸ்ரேர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகியோர் சந்தையிற் கிடைத்த 16 செயலிகளை இணைத்து 'பேயோவுல்ஃப்' என்னும் கொத்தணியை அமைத்தனர். பெருவிலை மீக்கணனியை வாங்க இயலாத நிறுவனங்களுக்கும் உயர் கணிப்பு எட்டக்கூடியதாயிற்று. எனினும், மலிவான இச்சாதனமும் தனியொருவரின் உடைமையன்று. பயனர்கள் நுழைவுக் கணுவின் வழியே உட்புகுகின்றனர். அவர்களது வேலைகள் வரிசைப்படுத்தப்பட்டுக் கணிப்புக் கணுக்களில் நடைபெறுகின்றன. கோப்புகள் பொதுச் சேமிப்பகத்தில் உள்ளன.

இங்கு ஒருவர் பொது மென்பொருளை மாற்றினால் அது யாவருக்கும் மாறிவிடும். ஒருவருக்குப் பைதன் மொழியின் எண்கணித மொடியூல் ஒன்றின் புதிய பதிப்பு தேவைப்படலாம். மற்றொருவரின் பாதி முடிந்த ஆய்வேடு அதன் பழைய பதிப்பைச் சார்ந்திருக்கலாம். முன்னவரின் வசதி பின்னவரின் ஈராண்டு உழைப்பைக் குலைத்துவிடக் கூடாது. அனுமதி மறுப்பின் நியாயம் இதுவே.

இம்முரண்பாட்டுக்கு முதலாவது தீர்வு, வெவ்வேறு பதிப்புகளை அருகருகே வைத்து, பயனர் தமக்கு வேண்டியதைத் தெரிவு செய்ய விடுவதாகும். இதற்கான 'சூழல் மொடியூல்' முறையை ஜோன் ஃபேர்லானி 1991 இல் வெளியிட்டார். சொல் ஒன்றாயினும் பொருள் இரண்டென்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. செய்நிரல் மொழியின் மொடியூல் என்பது நிறுவப்படும் நிரற்கூறு. சூழல் மொடியூலோ ஏற்கெனவே நிறுவப்பட்டதைச் சுட்டிக்காட்டும் குறிப்பு. கட்டளைகளை எந்த அடைவுகளில், எவ்வொழுங்கில் தேடவேண்டும் எனக் கணனிக்குச் சொல்லும் சூழல் மாறிகளை அது திருத்துகிறது. அத்திருத்தம் அப்பயனருக்கு, அவ்வமர்வுக்கு மட்டுமே உரியது.

பொதுப் பட்டியலில் இல்லாததைப் பயனர் தம் சொந்த அடைவில் நிறுவிக்கொள்வது இரண்டாவது தீர்வு. பைதன் மொழியின் 3.3 ஆம் பதிப்பு (2012) முதல் 'மெய்நிகர் சூழல்' அமைக்கும் வசதி மொழியுடனேயே வருகிறது. ஆர் மொழியில் தனிப்பட்ட நூலக அடைவையும், பேர்ள் மொழியில் அதையொத்த உள்ளக நூலகத்தையும் அமைக்கலாம். இவை எவற்றுக்கும் நிருவாகியின் அதிகாரம் வேண்டியதில்லை.

ஆயினும் ஒழுங்கு முக்கியமானது. முதலில் மொழியின் குறித்த பதிப்பைச் சூழல் மொடியூல் மூலம் ஏற்றவேண்டும். அடுத்து அதனைக் கொண்டு மெய்நிகர் சூழலை உருவாக்கவேண்டும். அதன் பின்னரே தேவையானவற்றை நிறுவவேண்டும். வேலையை வரிசைக்கு அனுப்பும்போது அதே பதிப்பை ஏற்றி அதே சூழலை இயக்குமாறு வேலைக் கோப்பிலும் எழுதவேண்டும். ஒரு பதிப்புக்கென நிறுவியதை வேறொரு பதிப்பில் இயக்க முயல்வதே தொடக்கநிலையாளர் பலரின் தவறாகும்.

வேறு சில இடர்களும் உள. கணிப்புக் கணுக்கள் பெரும்பாலும் இணையத் தொடர்பற்றவை. ஆதலால் தேவையானவற்றை முன்கூட்டியே தருவிக்கவேண்டும். நுழைவுக் கணுவின் புதிய செயலிக்கென மொழிபெயர்க்கப்பட்ட நிரல், பழைய செயலியுள்ள கணிப்புக் கணுவில் இயங்காது நின்றுவிடலாம். பல கணுக்களிடையே செய்தி பரிமாறும் மொடியூல்களைக் கொத்தணியின் சொந்தச் செய்தி நூலகத்துடன் இணைத்தே நிறுவவேண்டும். மேலும், மெய்நிகர் சூழலொன்று பல்லாயிரம் சிறு கோப்புகளைக் கொண்டிருக்கக்கூடும். பெருங்கோப்புகளுக்கென வடிவமைக்கப்பட்ட பொதுச் சேமிப்பகத்துக்கு இது சுமையாகும். கோப்புகளின் எண்ணிக்கைக்கும் பல நிலையங்கள் வரம்பிடுவது இதனாலேயே. சூழல் முழுவதையும் ஒரே கோப்பாக அடக்கும் கொள்கலன் முறை இதற்கொரு மாற்று வழியாகும்.

நிறுவியதோடு ஆய்வாளரின் கடமை முடிவதில்லை. இரசாயன மூலக்கூறுகளின் காந்தப் பரிவு அளவீடுகளைக் கணிப்பதற்கான பைதன் செய்நிரல் ஒன்று 2014 இல் ஆய்விதழொன்றில் வெளியாகிப் பலராலும் பயன்படுத்தப்பட்டது. ஒரே தரவுக்கு அது வெவ்வேறு பணிசெயல் முறைமைகளில் வெவ்வேறு விடைகளைத் தருவதை ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019 இல் வெளிப்படுத்தினர். கோப்புகள் எப்போதும் ஒரே வரிசையிற் கிடைக்கும் என்ற பிழையான எடுகோளே காரணம். எந்தச் சூழலில் கணித்தோம் என்பதைப் பதியாத ஆய்வில் இத்தகைய பிழை வெளிப்படவே வழியில்லை. எனவே மொழியின் பதிப்பு, மொடியூல்கள் ஒவ்வொன்றினதும் பதிப்பு, பணிசெயல் முறைமை ஆகியவற்றின் பட்டியலை ஆய்வேட்டுடன் சேர்த்து வைத்தல் வேண்டும்.

ஆகவே, தனி அடைவில் நிறுவுதல் பொதுவுடைமையினின்று விலகுதலன்று. அதனைக் குலையாது பயன்கொள்ளும் முறையே அது. ஆனால் அதன் நுட்பம் அறிந்த சிலரிடம் மட்டும் தங்குமாயின், கொத்தணி பெயரளவிலேயே பொதுவானதாக இருக்கும். அறியாத மாணவர் பிறர் தயவை எதிர்பார்த்துக் காத்திருக்க நேரும். இவ்வறிவை முதலாண்டு ஆய்வு மாணவர் யாவருக்கும் கற்பிப்பதும், நிறுவிய முறையை எழுதிவைத்து அடுத்து வருபவரிடம் கையளிப்பதும், பொதுச் சொத்தைப் பேணும் பணியின் பகுதியேயாகும்.