லயன் அறைக்குள் ஒரு சமூகத்தின் வரலாறு

இலங்கையில் மலையகத் தமிழரின் வாழ்க்கையைக் காட்சிப்படுத்தும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் கம்பளைக்கு அருகே, ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் இதை அமைத்தது. இதற்கெனத் தனிக் கட்டடம் எழுப்பவில்லை. தொழிலாளர் குடியிருந்த பழைய லயன் அறைகளையே காட்சிக்கூடமாக மாற்றினார்கள். அதனால் இங்கே முதல் காட்சிப்பொருள் கட்டடம்தான்.

லயன் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட அறைகளின் தொகுதி. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா (அறை), அதன் முன்னே சிறிய இஸ்தோப்பு (தாழ்வாரம்). காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவில் இருக்கும். சில லயன்களில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையாக இருந்ததால் பின்பக்கம் கதவோ சன்னலோ வைக்க இடமில்லை. அடுப்பு, படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அந்த இடத்துக்குள்தான். ஒண்டியாக வந்து சில ஆண்டுகளில் திரும்பிவிடும் ஆட்களுக்கென்று தோட்ட நிர்வாகங்கள் கட்டிய இந்த வரிசைகளில் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. மலையகத் தோட்டங்கள் பலவற்றில் இன்றும் வாழ்கின்றன.

வந்த வழி

இந்தக் குடியேற்றத்தின் தொடக்கம் தேயிலை அல்ல, கோப்பி. 1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் உருவாகத் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் அழைத்து வரப்பட்டார்கள். ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டி வந்தவர் கங்காணி. வழிச் செலவுக்கு அவர் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. கடல் கடந்து தலைமன்னார்ப் பக்கம் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியிலேயே பலர் மாண்டார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கி, இருபுறமும் ரயில் இணைந்த பிறகே பயணம் எளிதானது.

1869 முதல் இலைத்துரு நோய் பரவிக் கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் நிறைய ஆட்கள் தேவை; தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுதும் எடுக்க வேண்டும். இந்த மாற்றத்தால்தான் வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். பெண்கள் தோட்டத்தின் முதன்மை உழைப்பாளிகளானார்கள்.

கருவிகள்

அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் வேலைக் கருவிகள், சமையல் பாத்திரங்கள், அணிகலன்கள், இசைக்கருவிகள், நிழற்படங்கள், ஆவணங்கள் என்று பல வகை உண்டு. இவற்றைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து ஒரு நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விடியுமுன் தப்பு என்ற பறையின் ஒலி கேட்டதும் தொழிலாளர் எழுந்து பிரட்டுக் களத்துக்குப் போவார்கள். யாருக்கு எந்த மலை, என்ன வேலை என்று அங்கே பிரித்துக் கொடுப்பார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் பதிந்தால்தான் அன்றைய சம்பளம். குறித்த அளவு கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். பெண்கள் இடுப்பில் படங்கு என்ற முரட்டுத் துணியைச் சுற்றி, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி நிரைக்குள் இறங்குவார்கள். செடியின் மேல் மட்டம் ஒரே சீராக இருக்க மட்டக்கம்பு வைத்துப் பார்த்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெட்டிக் குட்டையாக்கும் கவ்வாத்து ஆண்களின் வேலை. அதற்குத் தனிக் கத்தி உண்டு. முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறுவதும் கான் எனப்படும் வடிகால் வெட்டுவதும் அவர்களுக்கே. கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத் தாய் மலைக்குப் போவாள்.

பிரட்டுக்கு எழுப்பிய தப்புதான் திருவிழாவுக்கும் சாவுக்கும் ஒலித்தது. மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்துக்கும் தப்பே உயிர். கம்பம் ஊன்றி, ரதி மன்மதன் திருமணம் முதல் சிவன் காமனை எரிப்பது வரை இரவு முழுக்க ஆடுவார்கள். ஆடுபவர்கள் பகலில் மலையில் வேலை செய்பவர்கள். ஆட்டக் களம் லயனுக்குப் பக்கத்துத் திடல். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளும் இப்படி ஊரிலிருந்து வந்து மலையில் வேர்விட்டவையே. இந்த மக்களின் நாட்டார் பாடல்களை வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி நூலாக்கினார்.

தாள்கள்

ஆவணக் காப்பகம் இந்த நிலையத்தின் மறுபாதி. மலையக மக்களின் வாழ்வைத் தாள்களே பலமுறை தீர்மானித்திருக்கின்றன. முதலாவது, துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக விரும்பும் தொழிலாளிக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் ஆள் விடுபட முடியும். 1921இல் இந்த முறை ஒழிக்கப்பட்டது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது.

அடுத்தது தொழிற்சங்கத் தாள்கள். 1931இல் கோ. நடேசய்யர் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டாலும் பேச்சாலும் கருத்தைப் பரப்பினார். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அதுவே பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசாயிற்று. 1940 ஜனவரி 10 அன்று முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிசாரின் சூட்டுக்குப் பலியான கோவிந்தன், மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகியாக நினைவுகூரப்படுகிறார்.

மூன்றாவது வகை, குடியுரிமைத் தாள்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமையும் தொடர்ந்து பறிபோனது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் எதிர்காலத்தை எண்ணிக்கையால் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஒரே லயனில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்ததால் குடும்பங்கள் பிரிந்தன. நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. பிறப்புச் சான்றோ பழைய சீட்டோ கையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் நாடே மாறிய சமூகத்தில், தாள்களைக் காப்பது அடிப்படைத் தேவையாகிறது.

ஹந்தானையும் கம்பளையும்

கண்டிக்கு அருகே ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம் பயணிகளிடையே கம்பளை அருங்காட்சியகத்தைவிடப் பெயர் பெற்றது. 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடத்தில் உருளை, உலர்த்தி முதலிய பழைய இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லர் தொடர்பான பொருட்களும் அங்கே உள்ளன. கொழுந்து ஸ்டோருக்கு (தொழிற்சாலைக்கு) வந்த பிறகு என்ன ஆகிறது என்பதை அங்கே அறியலாம். அதைக் கிள்ளியவர்களைப் பற்றி அறியக் கம்பளைக்கு வர வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பவருக்குத்தான் தேயிலையின் வரலாறு முழுமையாகும்.

ஒதுக்கப்பட்ட சமூகங்கள் தங்கள் வரலாற்றுக்கு இடம் கேட்பது உலகெங்கும் நடக்கிறது. மொரிசியசின் போர்ட் லூயிசில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஜப்பானின் ஹொக்கைடோவில் ஐனு பழங்குடியினருக்கான தேசிய அருங்காட்சியகமும் பூங்காவும் சேர்ந்த உபொபொய் 2020 ஜூலையில் திறக்கப்பட்டது. அங்கே ஐனு வீடுகளும் ஆடலும் கைவினையும் பார்வையாளருக்குக் காட்டப்படுகின்றன. அது 2019இல் ஐனு மக்களைப் பழங்குடியினர் என்று சட்டத்தில் ஏற்ற அரசு கட்டியது. கம்பளை நிலையமோ ஒரு சமூக நிறுவனத்தின் முயற்சி. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த பாதையில் 2023இல் மக்கள் மீண்டும் நடந்த மலையகம் 200 நடைபயணமும் அப்படித்தான் அரசுக்கு வெளியிலிருந்து எழுந்தது.

கம்பளை, கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் பிரதான வீதியிலும் அட்டன், நானுஓயா வழியாகப் பதுளை போகும் ரயில் பாதையிலும் இருக்கிறது. நுவரெலியாவுக்கோ அட்டனுக்கோ போகும் பயணத்தில் இங்கே இறங்கி, தோட்டத்துக்கு முச்சக்கர வண்டியில் போகலாம். சுற்றிலும் இயங்கும் தோட்டத்தில் மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதால், அவர்களையோ வீடுகளையோ படம் எடுக்குமுன் அனுமதி கேட்பது முறை.